மறப்பதற்கு ஒரு ஃபெலோஷிப்

“அப்போ கால்குலஸ் மொத்தமும் போயிடுமா?” என்றான் ஜெரோம்.

“மொத்தமும். ஜூன்ல பசங்களோட பசங்களா உட்கார்ந்து நானும் முதல்லேருந்து படிக்கணும். அதுக்குத்தானே ஃபெலோஷிப்பே,” என்றாள் அவன் மனைவி பெனிட்டா, வெங்காயம் உரித்தபடி.

மிகச் சிறந்த ஆசிரியருக்குப் பல்கலைக்கழகம் தரும் கௌரவம் அது: அவர் நடத்தும் பாடத்தையே அவர் நினைவிலிருந்து அழித்துவிடுவார்கள். புரியாமல் தவிப்பது எப்படியிருக்கும் என்று தெரிந்தவரால்தான் நன்றாகச் சொல்லித்தர முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். பெனிட்டாவும் நம்பினாள்.

“பாடம் மட்டும் தனியா போகாதாம். கத்துக்கிட்ட இடம், சொல்லிக் குடுத்த ஆளு, எல்லாம் சேர்ந்துதான் போகுமாம்.”

ஜெரோம் நிமிர்ந்தான். கல்லூரி கேன்டீனில் ஒரு மழைக்காலம் முழுக்க அவளுக்குக் கால்குலஸ் சொல்லித்தந்தவன் அவன்தான். காதல் வந்ததும் அங்கேதான்.

“என்னை யாருன்னாவது தெரியுமா?”

“குறட்டை விடுற புருஷன்னு நல்லாவே தெரியும்.”

அவன் சிரித்தான். வங்கி வேலைக்குப் போனபின் கால்குலஸை அவன் எப்போதோ மறந்துவிட்டான். அந்த மாலைகள் மட்டும் ஒன்றுவிடாமல் அவனிடம் இருந்தன. பாடத்தை அவன் மறந்தது அவளுக்குத் தெரியாது.

பெனிட்டா கத்தியைக் கீழே வைத்தாள்.

“வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடி, முதல் பாடத்தை மட்டும் நீயே எனக்குச் சொல்லிக் குடுக்கிறியா, ஜெரோம்?”