கூப்பிட்ட பேர்

பட்டர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

கணவர் சங்கரலிங்கம்தான் சொன்னார். தன் பேர், அவள் பேர், மகன் பேர். வெள்ளிக்கிழமைதோறும் ஒப்பிப்பதுதானே.

"வேற கொழந்தைகள் உண்டா?"

"இல்ல சாமி. ஒரே பையன்தான்."

பாவி மனுஷன், அம்மன் முகத்துக்கு நேரே நின்று சொன்னார்.

இந்த அம்மன் பேரைத்தான் மகளுக்கு வைத்திருந்தார்கள். ஆவுடை. போன வருஷம் அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். அன்றோடு அந்தப் பேரை வீட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது.

இன்றைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி வந்து காதோடு சொன்னாள். ஆவுடையை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை.

போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கணவரிடம் கேட்டாள். காலில் விழுந்தும் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அழாத. கோயிலுக்குப் புறப்படு."

புறப்பட்டாள். வேறு என்ன செய்வாள்?

இதோ, அம்மனுக்கு முன்னால் நிற்கிறாள். மகளுடைய கேட்டை நட்சத்திரம் நாக்கு நுனியில் நிற்கிறது. பக்கத்தில் அவர் நிற்கிறார். பட்டர் உள்ளே போய்த் திரையைப் போட்டுவிட்டார்.

மணி அடித்தது. திரை விலகியது. தீபாராதனை.

"தாயே, ஆவுடைத் தாயே!" என்று கூட்டம் கையைத் தூக்கியது.

அந்தச் சத்தத்தில் அவளும் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி ஆவுடை! கண்ண முழிச்சுப் பாருட்டி! என்ன விட்டுட்டுப் போயிராதட்டி!"

கூட்டம் அப்படியே ஒதுங்கி வழிவிட்டது. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பட்டருக்கே கண் கலங்கிவிட்டது. அம்மன் கழுத்து மாலையைக் கழற்றி வந்து கணவரிடம் நீட்டினார்.

"பெத்த பொண்ணைக் கூப்பிடற மாதிரின்னா கூப்பிடறா! நீங்க குடுத்துவச்சவர்."

யாரைக் கூப்பிட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார்.

அவள் நகரவில்லை. ஆவுடை என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் "என்னம்மா" என்பாள் மகள்.

மணி ஓய்ந்துவிட்டது.

காது கொடுத்து நின்றாள்.