அளவு சேராத தொப்பி

உப்பளத்திலிருந்து வந்ததும் ஆரோக்கியசெல்வி குரோஷே ஊசியை எடுத்துவிடுவாள். யூடியூப் பார்த்துப் பழகியது. இன்று பின்னி முடித்திருந்தது ஓர் ஆம்பளைக் கம்பளித் தொப்பி.

மரக்காணம் வெயிலில் இது யாருக்கு?

அவள் குளிக்கப் போனதும் புருஷன் சவரிமுத்து அதை எடுத்துத் தலையில் போட்டு இழுத்தான். அவனுடைய அடர்ந்த சுருட்டை முடியில் அது இறங்கவே இல்லை. அப்படியானால், தான் பாண்டிக்குப் போகிற நாட்களில் இங்கே எவன் வந்து போகிறான்?

அவள் வந்ததும் கேட்டான். "யாருக்குடி இந்தத் தொப்பி?"

"உனக்குத்தான்யா."

"பொய் சொல்லாத. எனக்குச் சேரல."

"இப்ப சேராது. உப்பு லோடுன்னு சொல்லிட்டு பாண்டிக்குப் போறியே, அந்த ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. திங்கட்கிழமை கீமோவாம். முடி கொட்டினப்புறம் போட்டுப் பாரு."