நாற்பத்து நான்கு அங்குலம்

“நாப்பத்தாறு! நாப்பத்தாறு இஞ்ச் வெச்சிருக்கீங்க! அந்த பில்டிங் இன்ஸ்பெக்டர் டேப்பை நீட்டிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அப்படியே பூமிக்குள்ள போயிடலாம்போல இருந்துச்சு.”

“நீ ஏற்கெனவே பூமிக்குள்ளதாம்மா நிக்கிற.”

“அப்பா, கிண்டல் பண்ணாதீங்க. நான் கொதிச்சுப்போயிருக்கேன்.”

ரெனே தரையில் கிடந்த மரத்தூளை எட்டி உதைத்தாள். வீட்டின் பின்புறம் புதிதாக ஒட்டிக் கட்டிய பகுதிக்குக் கீழே, விளையாட்டு அறைக்கென்று தோண்டிய நிலவறை அது. ஜன்னலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நாற்பத்து நான்கு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் அதன் வழியாக ஏறித் தப்ப வேண்டும். அமெரிக்காவில் சுத்தியல் பிடித்த எவருக்கும் தெரிந்த கணக்கு.

ஆர்விட் டோலெஃப்சன் ஐம்பது வருஷம் சுத்தியல் பிடித்தவர். அந்த வட்டாரத்தில் பாதிக் கூரைகள் அவர் ஏற்றியவை. மகள் வீட்டில் வேலை என்றதும், வேறு எவனும் கை வைக்கக்கூடாது என்று ஏரிக்கரையிலுள்ள தன் வீட்டிலிருந்து தினமும் நாற்பது மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்.

“இது மூணாவது தடவை,” என்று ரெனே விரல்களை மடக்கினாள். “மொதல்ல படிக்கட்டு, ஒரே ஒரு படி மட்டும் ஒரு இஞ்ச் தூக்கல். அப்புறம் புகை அலாரத்துக்கு ஒயர் இழுக்காமலே சுவத்தை மூடுனீங்க. இப்போ இது. ஒவ்வொரு தடவையும் பெயில், பெயில், பெயில்!”

“படியில யாராச்சும் விழுந்தாங்களா?”

“விழற வரைக்கும் காத்திருக்கணுமா?”

நிலவறையை ஒட்டிய குளியலறையில் ஷவருக்குப் பக்கத்தில், பிடித்துக்கொண்டு நிற்பதற்கான கைப்பிடியை முடுக்கிக்கொண்டிருந்த கர்ட் தலையை நீட்டினான். “ரெனே, கொஞ்சம் மெதுவா…”

“நீ பேசாத கர்ட். தினமும் மத்தியானம் மாமனாருக்கு பீர் எடுத்துக் குடுக்கறதே நீதான்.”

“ஒண்ணே ஒண்ணு,” என்றார் ஆர்விட். “அதுவும் அவன் பாதி குடிச்சுடறான்.”

பேச்சை மாற்ற நினைத்த கர்ட், அம்பு எறிந்து விளையாடும் டார்ட் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். “ஆர்விட், இதை எங்க மாட்டறது?”

கிழவர் டேப்பைத் தேடவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு புள்ளி வைத்தார். “நடுப்புள்ளி இங்க. அஞ்சடி எட்டு இஞ்ச்.”

கர்ட் அளந்தான். அஞ்சடி எட்டு. மயிரிழை பிசகவில்லை. அவன் விசிலடித்தான். ரெனேவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“இதுக்கு மட்டும் கண்ணு நல்லாத் தெரியுது!”

“எல்லாத்துக்கும் தெரியுது. இங்க பில்லியர்ட்ஸ் மேசை போட்டா குச்சி சுவத்துல இடிக்கும்னு மொத நாளே சொன்னேன். ரெண்டு பேரும் காதுலயே வாங்கல.”

“மேசையைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க!”

கர்ட் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

“ஜனவரில அடுப்பை எரியவிட்டுட்டு ஒறைஞ்ச ஏரில மீன் பிடிக்கப் போனவர்தானே நீங்க?” ரெனேவின் குரல் ஏறியது. “பக்கத்து வீட்டுக்காரன் புகையைப் பார்க்கலைன்னா வீடே போயிருக்கும். அதை எங்கிட்ட மறைக்க வேற செஞ்சீங்க. உங்களுக்கு மறதி வந்துடுச்சுப்பா. செத்தாலும் ஒத்துக்க மாட்டீங்க!”

ஆர்விட் பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார்.

“நாளைக்குக் காலைல டவுன்லேருந்து வேற ஆள் வர்றான். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் சரிபண்ணிடுவானாம். நீங்க இனிமே சுத்தியலைத் தொட வேணாம்.”

அவர் சுத்தியலைப் பெட்டிக்குள் வைத்தார். ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். தொப்பியை மாட்டிக்கொண்டார். ஆனால் படிக்கட்டுப் பக்கம் போகாமல் ஜன்னலுக்குப் போனார்.

அதன் கீழே கான்கிரீட்டில் அப்பியிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். நேரான ஒரு பென்சில் கோடு தெரிந்தது. அதன்மேல், அளவைக் காட்ட ஐம்பது வருஷமாக அவர் போடும் ‘V’ வடிவக் காக்கைக்கால் குறி. பக்கத்தில் அவருடைய கட்டை எழுத்தில், 44.

ரெனே கர்டின் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கித் தரையிலிருந்து அளந்தாள். கோடு சரியாக இருந்தது. ஜன்னல்தான் அதற்கு இரண்டு அங்குலம் மேலே இருந்தது.

“அப்போ… அந்தப் படி? ஒயர்?”

“அடுப்பை மறந்தது நெஜம்,” என்றார் ஆர்விட். “இங்க எதையும் மறக்கல, வேணும்னேதான் செஞ்சேன். விளையாடற ரூமுக்கு ஷவர்ல கைப்பிடி யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

பெட்டியைத் தூக்கியவர், அதை மறுபடி கீழே வைத்தார்.

“என்னை என் வீட்லயே விட்டுடேன், ரெனே.”