பெஞ்சில் மாப்பிள்ளை

“ஏழு மேட்ச் ஆச்சு! என் மாப்பிள்ளை இன்னும் பெஞ்சைத்தான் தேய்ச்சுக்கிட்டு இருக்கார். என் பொண்ணு எனக்கு ஃபோன் பண்றதையே நிறுத்திட்டா,” என்று பொரிந்து தள்ளினார் பாஸ்கெட்பால் கிளப்பின் செயலாளர்.

கோச் அசரவில்லை. “புது ஆளு சார். பெரிய ஆளா வருவார். அதனாலதான் அவசரப்படக் கூடாது. பக்கத்துலயே உக்கார வச்சுக் காதோட காதாப் பேசிக்கிட்டே இருக்கேனே, பார்க்கலையா?”

செயலாளர் பார்த்திருந்தார். மேட்ச் முழுக்க இருவரும் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு குசுகுசுப்பார்கள். உடனே கோச் எழுந்து ஆட்டக்காரர்களிடம் எதையோ கத்துவார். ஏழு மேட்ச்சிலும் வெற்றி.

“இன்னிக்கு ஃபைனல். அவரை இறக்குறீங்க.”

கோச்சுக்கு வியர்த்துக் கொட்டியது. “ஒரு நாலு நிமிஷம்?”

“முழு மேட்ச்!”

மாப்பிள்ளை இறங்கினார். தனி ஆளாக முப்பது பாயிண்ட் எடுத்தார். மற்ற நால்வரும் எங்கே ஓடுவதென்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள்.

கடைசி நிமிடம். ஒரு பாயிண்ட் குறைவு. கோச் எழுந்து, “மூச்சை நல்லா இழுங்க! காலை உதைங்க!” என்று கத்தினார்.

செயலாளர் ஓடி வந்தார். “என்னய்யா உளர்றீங்க? உருப்படியா ஏதாவது சொல்லுங்க!”

“கோச்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு நீச்சல் குளத்துலேர்ந்து என்னை இங்க மாத்தினது நீங்கதானே சார்? இத்தனை நாளா எனக்குச் சொல்லிக் கொடுத்தவரை உள்ள அனுப்பிட்டீங்க. இப்ப நான் யாரைக் கேக்குறது?”