செவலை படிந்த நாள்

எசமானின் கழுத்தில் தொங்கிய விசிலுக்கு அலுத்துப்போய்விட்டது. சுட்டு வீழ்த்தும் பறவையைக் கவ்விக்கொண்டு வருவதற்காக அவர் வளர்த்த செவலை நாயை, இரண்டு வருஷமாக விசில்தான் பழக்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் போ என்று கத்தினால் செவலை இடப்பக்கம் போகும். ஆனால் ஒரு நாளும் பறவையில்லாமல் திரும்பியதில்லை.

"இன்னிக்கும் சொன்ன பேச்சு கேக்கலேன்னா உன்னைத் தோட்டத்துல சங்கிலி போட்டுக் கட்டிடப்போறாராம்டா," என்றது விசில். "ஒரே ஒரு நாள் என் மானத்தைக் காப்பாத்து."

"சரிண்ணே, கத்தாத. காது வலிக்குது."

துப்பாக்கி வெடித்தது. சிறகில் அடிபட்ட வாத்து ஒன்று ஆற்றின் இடப்பக்கம், நாணலருகே விழுந்தது. எசமான் அங்கே போகச் சொல்லி ஊதினார்.

"அண்ணே, தண்ணி வலப்பக்கம் இழுக்குது. இந்நேரம் அது அங்க போயிருக்கும்."

"உனக்கு வாத்து முக்கியமா, கழுத்து முக்கியமா?"

செவலை பெருமூச்சு விட்டது. இடப்பக்கமே நீந்திப் போய், நாணலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, வாயில் ஒன்றுமில்லாமல் வந்து காலடியில் உட்கார்ந்தது. எசமானுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"படிஞ்சுட்டான்யா என் பய!" என்று ஈரத் தலையைத் தடவித் தடவிக் கொடுத்தார்.

அப்போதுதான் விசில் பார்த்தது. வலப்பக்கம், நடு ஆற்றில், வாத்து ஒற்றைச் சிறகை அடித்துக்கொண்டு மிதந்து போனது.

"டேய், அதோ போகுதுடா! ஓடு!"

செவலை கண்ணை மூடிக்கொண்டது.

"அவரை ஊதச் சொல்லுண்ணே. போறேன்."