கலெக்டரம்மா, எந்திரி

“எங்கம்மாவோட குரலைத் திருப்பிக் குடுங்க” என்று விடுதி வார்டனிடம் கேட்டேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவே கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா செத்தாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் உழைத்து ஓய்ந்தவளுக்கு உயிலில் எழுத வேறு சொத்து கிடையாது. வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்கு வரும் பெண்களை எழுப்பிவிடட்டும் என்று, கணினியில் பதிந்து கேட்டதற்குப் பதிலும் பேசும் தன் குரலை இந்த விடுதிக்கு எழுதிவைத்தாள். ஆனால் விடுதி விதிப்படி, அது தொடர்வதா நிறுத்துவதா என்று வருடந்தோறும் மகள் நான் சொல்ல வேண்டும்.

“ஏங் கண்ணு, என்ன குறை?” என்றார் வார்டன்.

“கலெக்டரம்மான்னு அவ என்னைய மட்டுந்தான் கூப்பிடுவா. இப்ப ஊர்ப் புள்ளைகளையெல்லாம் கூப்பிடறா. என்னால பொறுக்க முடியலீங்க.”

பக்கத்து அறையில் அம்மாவின் குரல் கேட்டது. “கலெக்டரம்மா, எந்திரி. இன்னிக்குப் பரீட்சையில்ல?”

“நான் கலெக்டரானா மொதல்ல உன்னத்தான் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்துவேன்” என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு பெண் சிணுங்கினாள்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அவளுக்கு அப்படிச் சிரிக்க நேரம் இருந்ததே இல்லை.

“நிறுத்திரட்டுமா கண்ணு?” என்றார் வார்டன்.

“இந்த வருசமும் பேசட்டுமுங்க” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் எழுந்து வருவதற்குள் வெளியே நடந்தேன்.