ஒன்பது கிலோ நர்ஸ்

"பெட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு வைத்தியமாம். நாடி பிடிக்கக் கை வேணாமா? எல்லாம் கலிகாலம்."

பெரிய நர்ஸ் போட்ட சத்தத்துக்கு, சுகாதார நிலையத்தில் வரிசையாய் உட்கார்ந்திருந்தவர்கள் பலமாகத் தலையாட்டினார்கள்.

வாசலில் நின்ற மேற்பார்வையாளருக்குச் சுருக்கென்றது. அவர் 'பெட்டி' என்றது, நகரத்து டாக்டர் வீடியோவில் வந்து பார்க்கும் திரையை. இந்த அம்மாள் அதைத் திட்டித் திட்டியே யாரையும் அண்டவிடுவதில்லை என்று புகார். உண்மையென்றால் திரையை இன்றே கழற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். மேலிடத்து உத்தரவு.

உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்தார். இந்த மாதம் நாற்பத்தோரு முறை டாக்டர் பார்த்திருக்கிறார். பரவாயில்லையே என்று நிமிர்ந்தவர், பெயரைப் பார்த்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டார். நாற்பத்தொன்றும் ஒரே நோயாளி. பெரிய நர்ஸ்.

"சிஸ்டர், கொஞ்சம் உள்ள வாங்க."

வந்தவர் கதவைச் சாத்தினார்.

"திங்கக்கிழமை உங்களுக்கு மசக்கை வாந்தியா?"

"ஆமாங்க சார்."

"உங்க வயசு ஐம்பத்தாறு."

"வாந்தி வயசு பாத்தா சார் வருது?"

"செவ்வாய்க்கிழமை புராஸ்டேட் வீக்கம்."

நர்ஸ் மின்விசிறியைப் பார்த்தார். "இப்ப தேவலை சார்."

"புதன்கிழமை, பல் முளைக்கிற காய்ச்சல்."

நர்ஸ் பதிவேட்டை மெல்ல மூடப் பார்த்தார்.

மேற்பார்வையாளர் திரையைத் தட்டினார். சின்ன வயது டாக்டர் பெண் ஒருத்தி தெரிந்தாள்.

"ஏம்மா, இதையெல்லாம் நம்பியா மருந்து எழுதினீங்க?"

"எடை எவ்வளவுன்னு கேட்டேன் சார். ஒன்பது கிலோன்னாங்க. அப்பவே பிடிச்சுட்டேன்."

அதற்குமேல் மறைக்க முடியாமல் நர்ஸ் வாயைத் திறந்தார். "பெட்டியில வர்ற டாக்டர்னா யாரும் உக்கார மாட்டேங்கறாங்க சார். பச்சைப்பிள்ளைக்காரி பயப்படறா, பெரியவர் கூச்சப்படறாரு. அதான் ஒவ்வொருத்தர்கிட்டயும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வந்து, எனக்குன்னு சொல்லி மருந்து வாங்கி, நானே குடுக்கற மாதிரி குடுத்துடறேன். இந்தத் திரையும் போச்சுன்னா இவங்களுக்கு டாக்டரே கிடையாது."

மேற்பார்வையாளர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. அதுக்காக டாக்டரை எதுக்கு அந்த வாங்கு வாங்கணும்?"

"திட்டினாத்தான் சார் நம்ம கட்சின்னு நம்பி, என்கிட்ட வந்து வியாதியைச் சொல்றாங்க."

திரைக்குள்ளிருந்து டாக்டர் தொண்டையைச் செருமினாள். "நேத்து அக்காவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு சார். சரியாத் திட்ட முடியல. ரெண்டே ரெண்டு கேஸுதான் வந்துச்சு."

மேற்பார்வையாளர் பேனாவை எடுத்து அறிக்கையில் எழுதினார்:

'திரை இங்கேயே இருக்கலாம். டாக்டரை நர்ஸ் இன்னும் கொஞ்சம் உரக்கத் திட்டினால் நல்லது.'